இரண்டேகாலுக்குள் நாலு டயர்

காரின் மூன்றாவது டயர் சீறிக்கொண்டிருந்தது. வால்வுக்குள் கொண்டை ஊசியை அழுத்திப் பிடித்திருந்தாள் சந்திரா. மணி இரண்டு ஐந்து. முதல் ஷிப்ட் பஸ் இரண்டேகாலுக்கு குவார்ட்டர்ஸ் முனையில் நிற்கும். கணவர் இசக்கிமுத்து இறங்கிவிடுவார்.

மூன்று மணிக்குத் திருநெல்வேலி கிளம்ப வேண்டும். மகள் புவனாவும் பதினோரு மாதப் பேரனும் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தார்கள். நாளை குலசாமி கோவிலில் குழந்தைக்கு மொட்டை. இந்த டயர்களை நம்பி அவனை ஏற்ற விடக்கூடாது. மூன்று வாரமாக டயரை மாற்றச் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி ஊசிதான்.

நான்காவது டயருக்கு நகர்ந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம்.

"ஏட்டி! கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"ஆமா. அப்படியே வச்சுக்கோங்க."

இசக்கிமுத்து கத்தவில்லை. போனை எடுத்தார். பத்தே நிமிடத்தில், முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் அன்புமணி, காற்றடிக்கும் மெஷினோடு பைக்கில் வந்து இறங்கினான்.

"அடிப்பா காத்தை. நேரமாகுது."

அன்புமணி மெஷினைத் தொடவில்லை. டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்தினான். கோடு கோடாக வெடிப்பு.

"வேணாம் சார். புதுசு மாத்திக்கினு போங்க."

"பட்டனைப் பாருவே! ரோட்டுல உரசுற வரி தேயவே இல்ல." பையிலிருந்து டைரியை எடுத்துப் பிரித்தார். சுரங்கத்தில் டம்பர் லாரி பராமரிப்பு அவர் வேலை. அங்கே டயரின் ஆயுளை ஓடிய மணிக்கணக்கில்தான் எழுதுவார். வீட்டுக் காருக்கும் அதே பழக்கம். "ஊருக்குப் போயிட்டு வந்தது மட்டும்தான். மொத்தமே முன்னூத்தி அறுபது மணி நேரம்."

"உங்க டம்பரு ஓடி ஓடித் தேயுது சார். இது வேப்பமரத்தடியில நின்னுகினே கெழவனாயிடுச்சு. டயர் மேல இருக்குற இந்த நாலு நம்பரைப் படிங்க."

"2215."

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, இருபத்திரண்டாவது வாரம் செஞ்சது. பத்து வருசமாயிட்டா பட்டன் இருந்தாலும் கழட்டிடணும். ரப்பரு செத்துப்போச்சு."

"யாவாரம் பேசுத."

"எங்கிட்ட வாங்க வேணாம் சார். பண்ருட்டியில வாங்குங்க. இந்த நம்பரைப் பாத்து வாங்குங்க, அவ்ளோதான்."

இசக்கிமுத்து மறுத்துத் தலையை ஆட்டினார். "எண்பதைத் தாண்டாமப் போறேன். அடி காத்தை."

சந்திரா சாவியைப் பிடுங்கினாள். டிக்கியைத் திறந்து பைகளை இழுத்துப் போட்டாள். விரிப்பைத் தூக்கினாள்.

ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு கிழிந்த டயர். பக்கவாட்டில் கை நுழையும் ஓட்டை.

"முன்னால இடது பக்கம் இருந்தது," என்றாள் சந்திரா. "போன மாசம் குறிஞ்சிப்பாடி ரோட்டுல வெடிச்சுது. வேகம் வெறும் முப்பது. அதுக்கே வண்டி புளியமரத்தைப் பாத்து இழுத்துச்சு. இப்ப மாட்டியிருக்கது ஸ்டெப்னி. அதுக்கும் இதே வயசு."

இசக்கிமுத்து ஓட்டைக்குள் விரலை விட்டார். வீட்டுக்குள்ளே பேரன் சட்டை போட மறுத்துச் சிணுங்கினான். அவர் விரலை எடுத்து, டைரியைப் பைக்குள் போட்டார்.

"அஞ்சும் புதுசு போட்டுரு அன்புமணி. சாமி ஒரு நாள் பொறுக்கும்."

அன்புமணி சக்கரத்துக்குக் கல் சொருகி, முதலில் நட்டுகளைத் தளர்த்தினான், ஜாக்கி அப்புறம். அப்போதுதான் இசக்கிமுத்துவுக்கு உறைத்தது.

"போன மாசம் நான் வண்டியவே எடுக்கலையே. யாரு ஓட்டுனது?"

அன்புமணி காது கேட்காதவன் போல் அடுத்த நட்டுக்குப் போனான்.

"நான்தான்," என்றாள் சந்திரா. "நீங்க செகண்ட் ஷிப்ட் போற நாள்ல எல்லாம் ஓட்டுதேன். லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆகுது."