தம்பி மனைவியின் மூக்கு

என் தம்பிக்கு வீட்டில் குலுக்கல் என்று பெயர். காக்டெய்ல் கலக்கும் எஃகுக் குவளையைக் காதோரம் வைத்து, உள்ளே ஐஸ் நொறுங்கும் சத்தம் மாறும்வரை ஆட்டுவான். சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவான். "பரிசு விழாத குலுக்கல்" என்று நான் கிண்டல் செய்தால் பேருக்குச் சிரித்து வைப்பான்.

ஒரு பெரிய ஓட்டல் பாரில் வேலை பார்த்தவன். வந்தவர்களுக்கு ஊற்றியதில் பாதியைத் தானும் ஊற்றிக்கொண்டான். முதலில் வேலை போயிற்று, பிறகு மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போனாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டாள். இவன் குடியை விட்டுவிட்டு அவள் வாசலில் போய் நின்றபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நாக்குல ஒரு சொட்டு பட்டாலும் கிளம்பிடுவேன். சண்டை போட மாட்டேன், காரணமும் கேக்க மாட்டேன்."

அவள் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவன் பகலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். ஓய்வு நாட்களில் என்னோடு சேர்ந்துகொள்வான். நான் வீட்டிலேயே சமைத்து விருந்து போடுகிறவள். பத்துப் பேர் வரை வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். மெக்ஸிகோக்காரர்கள் சாப்பாடு, தாய்லாந்து சாப்பாடு, இத்தாலி சாப்பாடு என்று எது கேட்டாலும் செய்வேன். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எந்தப் பானம் பொருந்தும் என்று பார்த்துக் கலந்து வைப்பது அவன் வேலை. ஆனால் வாயில் வைக்க மாட்டான். ஒரு ஸ்பூன் எடுத்து என்னிடம் நீட்டுவான். நான் சுவைத்துவிட்டு, "புளிப்பு தூக்கல்டா", "குழம்புக்கு முன்னாடி இது நிக்காது" என்று சொல்லச் சொல்ல மாற்றுவான். அவன் கை, என் நாக்கு. எங்கள் தொழிலே இப்படித்தான் ஓடியது.

இந்த நிலையில்தான் ஒரு உணவக முதலாளி எங்களைத் தேடி வந்தார். புதிதாக ஒரு இடம் திறக்கிறாராம். அடுப்படிக்கு நான், பாருக்குத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து நாலு பதார்த்தம், நாலு பானம் ருசி பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. பெட்டி தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவனுக்கு அதைக் கேட்டதும் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த வாரம் பார்த்து எனக்கு ஜலதோஷம் பிடித்தது. கல்யாணத்தன்றுதான் மாப்பிள்ளைக்கு மாலைக்கண் என்பார்களே, அதே கதைதான். மூக்கு அடைத்தால் நாக்கும் செத்த மாதிரி. பூண்டு எது, இஞ்சி எது என்றே தெரியவில்லை. அளவை நம்பிச் சமைத்தேன்.

"என்னை நம்பாதடா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"பரவாயில்லக்கா, அளவு எனக்கு மனப்பாடம்" என்றான். தினமும் வேலை முடிந்து வந்து என் சமையலறையில் பாட்டில்களோடு நின்று பழகினான்.

ஞாயிறு காலை நாலு கோப்பைகளையும் மேடையில் வரிசையாக வைத்தான். முகத்தில் சந்தேகம் அப்பியிருந்தது. நான் ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. இருவரும் முழித்துக்கொண்டு நின்றபோது வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"நான் பாக்கறேன்."

தம்பி மனைவி. விருந்து நாட்களில் பரிமாற வருவாள், ஆனால் பாட்டில் வெளியே இருந்தால் என் சமையலறைப் பக்கமே வராதவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீயா? குடிக்கப் போறியா?"

"குடிக்க வேணாம் அண்ணி" என்றபடி உள்ளே வந்து முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். மெக்ஸிகோக்காரர்கள் ரொட்டியில் மடித்துத் தின்கிற மீன் டாக்கோவுக்கான டெக்கீலா. "எலுமிச்சை பத்தல. புளிப்பு இல்லாம இதைக் காரத்தோட குடிச்சா விடிய விடிய நாக்கு வறண்டுடும்."

தம்பி எலுமிச்சையைப் பிழிந்தான். அவள் இரண்டாவது கோப்பைக்குப் போனாள். தேங்காய்ப்பால் விட்ட தாய்லாந்துப் பச்சைக் குழம்புக்காகக் கலந்த ஜின்.

"இதுல இனிப்பைக் கூட்டுங்க. இது உள்ள போன அன்னிக்கு உறைப்பா எது வச்சாலும் தட்டைத் தள்ளி விட்டுடுவீங்க. தேன் ஊத்தின ரொட்டி மட்டும்தான் இறங்கும்."

அவன் கை நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. மூன்றாவது, காளான் போட்ட இத்தாலிச் சோற்றுக்கான விஸ்கி.

"இது சரியா இருக்கு. இதைக் குடிச்சுட்டு வந்தா மட்டும்தான் வீட்ல சோறு கேப்பீங்க. வெண்ணெய் போட்டு, சூடா."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கேட்டா பொய் சொல்லுவாரு அண்ணி. தூங்கினப்புறம் பக்கத்துல படுத்துக்கிட்டு மோந்து பாப்பேன். எது, எவ்வளவு, எப்போன்னு தெரிஞ்சாதானே காலைல எந்த முகத்தோட எழுந்திருப்பாருன்னு தெரியும்? அதுக்குத் தகுந்த மாதிரி சமைச்சு வச்சுடுவேன்."

ஏதோ மளிகைச் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். அத்தனை வருடம் நான் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன், அவள் பரிமாறியதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறேன். இப்படி ஒரு கணக்கில் அங்கே உலை கொதித்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

நாலாவது, சாக்லேட் கேக்கோடு வைக்கக் காப்பி டிகாக்ஷனும் ரம்மும் கலந்தது. குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். தம்பிக்கு மிக அருகே போய் நின்றாள்.

"இதுல தப்பில்ல. ஆனா இந்த வாசனை கோப்பையில மட்டும் இல்ல."

"டேய்!" என்று கத்திவிட்டேன்.

"அக்காவுக்கு ருசி தெரியலன்னு..." அவன் நாக்கு குழறியது. "ஒரு ஸ்பூன்தான்."

"திங்கக்கிழமை ஒரு ஸ்பூன். வேலைக்காகத்தானேன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு தினமும் பாத்தேன். நேத்து வந்தது ஸ்பூன் கணக்கு இல்ல."

ஒரு வாரமாக அவன் பக்கத்திலேயே நின்றவள் நான். என் பாழாய்ப்போன மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் வெண்ணெய் கருகிக்கொண்டிருந்ததும் தெரியவில்லை. அவள்தான் கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"விருந்து முடியட்டும். அண்ணி வேலை கெட வேணாம். அப்புறம் கிளம்பறேன்" என்றாள். வாசல் மணி அடித்தது.

முதலாளி ரசித்துச் சாப்பிடுகிற மனிதர். ஒரு வாய், ஒரு மடக்கு, கண்ணை மூடி ஒரு "ம்ம்". தம்பி மனைவி தட்டு மாற்றினாள், தண்ணீர் வைத்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. கேக் முடிந்ததும் முதலாளி நாப்கினால் வாயைத் துடைத்தார்.

"சந்தேகமே இல்லம்மா. ரெண்டு பேரும் அடுத்த வாரமே வந்துடுங்க." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "அந்த ஜின்ல இனிப்பைத் தூக்கி வச்சிருந்தீங்களே, பச்சைக் குழம்புக்கு அது எப்படித் தோணுச்சு?"

"என் மனைவி சொன்னது சார்."

"அடடே!" என்று அவளைப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்டீங்க?"

அவள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "வீட்லதான் சார்" என்றாள்.

"வீட்லயா?" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்துப் பேச்சை மாற்றப் பார்த்தேன். தம்பி எழுந்து நின்றான்.

"என் மூச்சை மோந்து மோந்து கத்துக்கிட்டா சார். நான் குடிகாரன். ரெண்டு வருஷமா விட்டிருந்தேன். இந்த வாரம் உங்களுக்காகக் கலக்கறப்போ திரும்பத் தொட்டுட்டேன். இன்னிக்குக் காலையிலகூட."

முதலாளி கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். சங்கடமாக என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியில் அவனிடம், "இதைக் கேட்டப்புறம் உங்களை எப்படி பார்ல நிறுத்தறது தம்பி?" என்றார்.

"நிறுத்தக் கூடாது சார். அதுக்குத்தான் சொன்னேன்."

தம்பி மனைவி கையிலிருந்த தட்டுகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் அவனாகச் சொல்லக் காத்திருந்தவள், சொன்னபோது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவன் அவளிடம் போகவில்லை. போகலாமா என்று கேட்கிறவனைப்போல எட்டவே நின்றான்.