கல்லில் ஓப்ஹெரௌம்ட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்லறைக் கல்லில் கிடைத்தது. இங்கே கம்பென் என்ற டச்சு ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி ஃபெனா. அவளுடைய அப்பா ஏவர்ட்டின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு சொல் வெட்டியிருக்கிறது: ஓப்ஹெரௌம்ட். டச்சு மொழியில் ஒழித்துச் சுத்தமாக்கிய வீடும் ஓப்ஹெரௌம்ட்தான், கலகலப்பான ஆளும் ஓப்ஹெரௌம்ட்தான். ஏவர்ட் இரண்டாவது வகை. முதலாவது அவர் கிட்டேகூட வராது. கொட்டகையில் துருப்பிடித்த சைக்கிள்கள் மட்டும் ஏழு.

(தமிழில் ‘ஒழித்து வைத்த மனிதர்’ என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

2

கல்லறைத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. கல்லறை இடத்துக்கான இருபது வருடக் குத்தகை முடிந்துவிட்டது. இடத்தை நீட்டிக்கவா, ஒழிக்கவா? ஒழித்தால் எலும்புகள் பொதுக்குழிக்குப் போகும், கல் உடைபடும். வெள்ளிக்கிழமைக்குள் ஃபெனா கையெழுத்திட வேண்டும்.

தம்பி ஹார்மென் கல்நெஞ்சக்காரன், அவன்

இல்லை, அது பொய். அப்பாவைப் புதைத்த வாரமே, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொட்டகையைக் காலி செய்தவன் அவன்தான். ஆனால் துக்கம் வந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. ஃபெனாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

3

வியாழன் காலை. ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு பிஸ்கட், நடுவில் படிவம். அப்பா அங்கே இல்லை, வெறும் கல்லுக்கு எதற்கு இடம் என்று ஹார்மென் வாதாடினான். அவள் படிவத்தின் மேல் கோப்பையை வைத்தாள்.

“கல்லுலயே எழுதியிருக்கே ஃபெனா, ஒழிச்சாச்சுன்னு,” என்றான். “அப்பாவே சம்மதிச்ச மாதிரிதான்.”

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து, மூச்சு முட்டி, அப்படியே ஏவர்ட்டின் சிரிப்பு. ஹார்மென் முகம் வெளுத்துப்போனது.

“இன்னொரு தடவ சிரி,” என்றான். அவளால் முடியவில்லை.

4

முடிவு ஒன்று: ஃபெனா பேனாவை எடுத்து, நீட்டிக்கும் கட்டத்தில்

முடிவு இரண்டு: ஹார்மென் பேனாவைப் பிடுங்கி

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். டச்சில் மொழிபெயர்த்துத்தான்.

“நீ முடிச்சு வச்சிட்டா,” என்றாள், “நீயும்தான் எங்கப்பாவ ஒழிச்சிட்டேன்னு அர்த்தம்.”

அதனால் முடிக்கவில்லை. இரண்டு கட்டமும் காலியாகவே இருக்கின்றன. இன்று வெள்ளிக்கிழமை. பேனா உங்கள் பக்கம்தான் கிடக்கிறது. எடுப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் செத்துப்போனவர் எப்படிச் சிரிப்பார் என்று ஒரு தடவை சிரித்துப் பாருங்கள்.