வெள்ளிக்கிழமை மெஷின்

காரைக்கால் கடைத்தெருவில் மில் மேனேஜரின் காரிலிருந்து தொழிற்சங்கச் செயலாளர் திருஞானசம்பந்தம் இறங்கியதை அல்லி தன் கண்ணாலேயே பார்த்தாள். அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

பஞ்சு பிரிக்கிற மெஷின் அவள் புருஷன் மருதையனின் மூன்று விரல்களைத் தின்றிருந்தது. அது அவன் மெஷினே இல்லை, காதர் பாட்சாவுடையது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிறவர்களின் மெஷினைப் பக்கத்து மெஷின்காரன் பார்த்துக்கொள்வான். பொங்கல், தீபாவளிக்கு அவர்கள் இவர்களுக்காக நிற்பார்கள். எமர்ஜென்சிக்கும் முந்தின பழக்கம் அது. அப்படியொரு பழக்கமே கிடையாது என்றது நிர்வாகம். அடுத்தவன் மெஷினில் கை வைத்தவனுக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டிய காதர் பாட்சா வீட்டுப் பக்கமே வரவில்லை. அவன் மனைவி ஜன்னத் மட்டும் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். வாயை அடைக்கக் குழம்பா என்று அல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காதர் அப்படிப்பட்டவன் இல்லை என்றான் மருதையன். விரலோடு புத்தியும் போய்விட்டதா இந்த மனுஷனுக்கு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை செயலாளர் வந்தபோது நேராகவே கேட்டாள்.

"கார்ல போனீங்களே, எங்கள என்ன விலைக்கு வித்தீங்க?"

சமரசம் பேசக் கூப்பிட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றார் அவர். மறுநாள் மத்தியானம் இருவரையும் மில்லுக்கு வரச் சொன்னார். அல்லி நம்பவில்லை. ஆனாலும் போனாள்.

அரசாங்க லேபர் ஆபீசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, காதரின் மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு கேட்டது. காதர் பாட்சாவும் மற்றவர்களும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போனார்கள். பக்கத்து ஆட்கள் யாரும் அசையவில்லை. மருதையன் மட்டும், கட்டுப்போட்ட கையோடு, பழக்கத்தில் காதரின் மெஷினை நோக்கி ஓரடி வைத்தான். அல்லி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பாதி மில் அடங்கிப்போன அமைதியில் மேனேஜர் ஓடிவந்து மேஸ்திரியிடம் பாய்ந்தார்.

"வெள்ளிக்கிழமைன்னா பக்கத்து மெஷின்காரன்தானய்யா பாப்பான்? இன்னைக்கு ஏன் ஒருத்தனும் நிக்கல?"

ஆபீசர் நிமிர்ந்தார். மேனேஜர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தொழுகை முடிந்து வந்த காதர் பாட்சா மருதையனின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் கூடிப் பேசிக் கதை கட்டியதாக நிர்வாகம் சொல்லிவிடும் என்று செயலாளர்தான் அவனை மருதையன் வீட்டுப் பக்கம் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறார். ஆபீசரை வரவழைத்ததும், யாரும் அசையக் கூடாது என்று சொல்லிவைத்ததும் அவர்தான்.

அல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னத்துக்கிட்ட அந்தக் குழம்ப மறுபடியும் வைக்கச் சொல்லுங்க பாய். நானே வந்து வாங்கிக்கிறேன்."

பிறகு செயலாளரைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் இனிமே அந்தக் கார்ல ஏறாதீங்க."