நாற்பத்தொன்பதாவது பாட்டில்

மகள் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொத்தானைக் காணோம். அலமாரியில் இருந்த நான்கு சட்டைகளில் இதுதான் உருப்படியானது, இதற்கும் இந்தக் கதி. முன்னாள் அமைச்சர் என்று பெயர்தான், போகும்போது போட்டுக்கொள்ள ஒரு நல்ல சட்டை இல்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் அழுது தொலைத்திருப்பாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு உயிர் போயிருந்தது. அண்ணன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான், நாளைக் காலைதான் எடுப்பது. எட்டு மணிக்குத் தெருவில் மின்சாரம் போய்விட்டதால் வாசலில் ஒரு ஜெனரேட்டர் தடதடத்தது. அது அப்பாவைக் கிடத்தும் குளிர்பெட்டிக்கு மட்டும்தான் தாங்கும் என்று சித்தப்பா முன்கூட்டியே எல்லோரையும் எச்சரித்திருந்தார்.

சட்டை மாட்டி, பெட்டியில் கிடத்தி, கண்ணாடி மூடியை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது பின்வாசலில் படகுக்காரர் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு காலிக் கண்ணாடி பாட்டில், அக்குளில் அப்பாவின் நீல அட்டை போட்ட பதிவேடு. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மணி ஒன்பது. புதன்கிழமை.

"பத்து மணிக்கு எடுக்கணும்மா," என்றார்.

அவர் சொன்னது ஆற்றுத் தண்ணீரை. பாலத்துக்குக் கீழே, சாயத் தொழிற்சாலையின் குழாய் ஆற்றில் விழும் இடத்தில், பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அப்பா இந்தப் படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தார். மகள் கல்யாணமும் ஒரு புதன்கிழமைதான். முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு மண்டபத்துக்குள் நுழைந்தவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வாயடைத்துப் போனார்கள்.

அந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்ததே அவர்தான். தொழில்துறை அமைச்சராக இருந்தபோது, ஒரு மாலை வேளையில், நாற்பது கோப்புகளோடு நாற்பத்தொன்றாவதாக. ஆற்றைப் போய்ப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் கழித்துக் கரையோரக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண் வந்தபோது சட்டசபையில் எழுந்து நின்று, கையெழுத்து என்னுடையது, தப்பும் என்னுடையது என்று சொல்லிப் பதவியைத் தூக்கிப் போட்டார். பைத்தியம் பிடித்துவிட்டது என்றது கட்சி. பெரிய வீடு போயிற்று, கார் போயிற்று, மகள் பள்ளிக்கூடம் மாறினாள். அவர் பாட்டுக்குக் கரையோரத்துக்குக் குடிநீர் லாரி விடுவதும், மருத்துவரைக் கையோடு இழுத்துப் போவதும், வெள்ளத்தில் படகு வலிப்பதுமாகக் காலத்தை ஓட்டினார். அந்தக் குடியிருப்புக்காரர்கள்தான் இப்போது வாசலை நிறைத்து நின்றார்கள். கட்சிக்காரர் ஒருவரையும் இன்னும் காணவில்லை.

தொழிற்சாலை மேல் அப்பா போட்ட வழக்கில் போன வருஷம் நீதிமன்றம் ஒருவழியாக இறங்கி வந்தது. தண்ணீர் கெட்டதற்கு ஆதாரம் கேட்டது. ஐம்பத்திரண்டு வாரம், விடாமல், ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம். மனுதாரரோ அவர் வீட்டார் ஒருவரோ தண்ணீர் எடுக்க வேண்டும். கூட இருந்து கண்ணால் பார்த்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் விட்டாலும் முதலிலிருந்து. இது நாற்பத்தொன்பதாவது வாரம்.

ஒரு தடவை வந்து எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொள் என அப்பா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு வேலைக்கா பஞ்சம். உங்க பாவத்தை நீங்களே அள்ளுங்க என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார், மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

பதிவேட்டை வாங்கிக்கொண்டு அவள் செருப்பைத் தேடியபோது வாசலில் கார்க் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. அமைச்சர் வந்துவிட்டார். இன்றைய தொழில்துறை அமைச்சர், அன்றைக்கு அப்பாவின் உதவியாளர். கோப்பைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவர். பின்னால் எட்டுப் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். ஓர் அதிகாரி மடித்த கொடியைத் தட்டில் ஏந்தி நின்றார். கேமராக்கள் வேலியை முட்டின.

முழு அரசு மரியாதை, முதல்வரே சொல்லிவிட்டார் என்றார் அமைச்சர். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பத்தொன்பது வருஷம் தலை குனிந்து நடந்தவர், பாவம்.

"வேண்டாங்க," என்றாள் மகள்.

சித்தப்பா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ஊரே பார்க்கிறது, போன மானம் திரும்பி வருகிறது, வாசல் வரை வந்ததை எட்டி உதைக்காதே என்று காதோரம் பொரிந்தார். மானம் எங்கேயும் போகவில்லை, போனது கார்தான் என்றாள் அவள்.

அமைச்சர் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருக்கத் தெரிந்ததால்தான் அமைச்சரானார். அவளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் என்ற உரிமையோடு கிட்டே வந்தார்.

"துக்கத்துல இருக்க பாப்பா, புரியுது. உனக்கு என்ன செய்யணும்னு சொல்லு, இப்பவே செய்யறேன்."

அவள் பதிவேட்டைப் பிரித்து நீட்டினாள். சாட்சி என்ற கட்டம் காலியாக இருந்தது. அமைச்சரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை உருவியது. மூடி கழன்றது.

"எங்க போடணும்?"

அவள் பதிவேட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னன்னு படிக்கவே இல்லையே நீங்க."

அமைச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் பேனா நின்றது.

"நீங்க கோப்பைப் பிடிச்சீங்க, அவர் பாக்காம போட்டார். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் பத்தொன்பது வருஷம் தண்ணி அள்ளினார். அப்பாவுக்கு மரியாதை செய்யணும்னா பாலத்துக்கு வாங்க. பக்கத்துல நின்னு பாருங்க, பாத்துட்டுப் போடுங்க. பத்து நிமிஷம்."

கேமராக்களுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. அமைச்சர் தன் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். பத்தரைக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்றார் செயலாளர், கேட்காமலேயே. பேனா பைக்குள் போயிற்று. மலர்வளையத்தை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கொடி தட்டோடு காரில் ஏறியது.

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள்.

"போயிட்டு வா. நான் இருக்கேன்ல."

பாலத்துக்குக் கீழே அடித்த நாற்றத்துக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இதை மோந்துகொண்டா இத்தனை வருஷம் இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார் என்று அவள் மலைத்துப் போனாள். படகுக்காரர் சொல்லிக் கொடுத்தபடி அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசினாள். நான்காவது முறை கழுத்து வரை நிரப்பி மூடினாள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பத்து மணி இரண்டு நிமிஷம். எடுத்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். மேலே நாற்பத்தெட்டு வரிகளிலும் அப்பாவின் கையெழுத்து. படகுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வழக்கம்போலச் சாட்சிக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

"அடுத்த புதனும் வருவீங்களாம்மா?"

"வராம?"

பாட்டிலின் வாயில் அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பியபோதுதான் உறைத்தது. தண்ணீரை நாளைக் காலைதான் சோதனைக்கூடத்தில் வாங்குவார்கள், அதுவரை குளிரில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. தெருவுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள், உள்ளே வெதுவெதுப்பு. ஐஸ் விற்கும் கடையிலும் இதே கதைதான் என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னார். கையில் பாட்டிலோடு கூடத்தில் நின்றாள். வீட்டில் குளிர்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அவள் பார்வை போன இடத்தைச் சித்தப்பா பார்த்துவிட்டார்.

"ஏய், உனக்கு மூளை கலங்கிப் போச்சா? என் அண்ணன் காலடியில சாக்கடைத் தண்ணியையா வெப்ப?"

அம்மாதான் எழுந்தாள்.

"பத்தொன்பது வருஷம் என் ஃப்ரிட்ஜ்ல பாலுக்குப் பக்கத்துல வெச்சார். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இன்னிக்கு ஒரு நாள் அவர் பெட்டியில வெச்சுக்கட்டும்."

வாசலில் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. மகள் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தாள். அம்மா குனிந்து, அப்பாவின் கால்களைக் கொஞ்சம் நகர்த்தி இடம் செய்தாள்.