பெட்ரோல் ஊற்றிக் காயவைத்த களம்

நகரப் பூங்கா மைதானங்களில் ஆடும் தனியார் சிறுவர் விளையாட்டுக் குழுக்களைக் கண்காணிப்பது நகராட்சியில் என் வேலை. மழையில் களம் சேறாகிவிட்டதால், சனிக்கிழமை யாரும் இறங்கக் கூடாது என்று முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். காலையில் போனால் ஒரே பெட்ரோல் நாற்றம். பேஸ்பால் குழுத் தலைவர் ஹாலோரன் களத்து மண்ணில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டு, கையில் காபியோடு நின்றிருந்தார். கருகிய மண் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?"

"ஈரம் காயணுமில்ல, மேவிஸ்? உங்க ஆபீஸை நம்பினா பசங்க தாடி வளந்தப்புறம்தான் ஆடணும்."

"இந்த மண்ணுலதானே அதுங்க விழுந்து புரளப் போகுது?"

"எல்லாம் பசங்களுக்காகத்தாம்மா. ஆடணும்னு துடிக்கிறாங்க, பாவம்."

இந்தப் 'பசங்களுக்காக'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வேலிக்கு அப்பால் பார்த்தேன். துடிக்கிற அந்த ஏழு வயதுப் பிள்ளைகள், புல்தரையில் தேங்கிய மழைநீரில் சறுக்கி விழுந்து கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் களத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹாலோரனும் அவர்களைப் பார்த்துவிட்டார்.

"டேய், தண்ணியில ஆடாதீங்கடா!" என்று கத்தினார். "உடம்புக்கு ஆகாது!"