சட்டை மடிக்கும் நான்கு நிமிடம்

படம் வெட்டி ஒட்டுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை முடிந்துவிட்டது என்று நம்பி எல்லாவற்றுக்கும் ‘இறுதி’ என்று பேர் வைப்பார்கள். அப்புறம் ‘புது இறுதி’ வரும், ‘சத்தியமாக இறுதி’ வரும். தம்பி எடுத்த படத்துக்கு எடிட்டரான அக்காவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்.

திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் பன்னிரண்டு படங்கள் தேர்வாகியிருந்தன. அதில் தம்பியின் படமும் ஒன்று. பட்டியல் வந்த அன்று தலைகால் புரியாமல் குதித்தவனுக்கு மறுநாளே கடைசிக் காட்சியைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசிக் காட்சியில், கணவனை இழந்தவள் அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவாள். நான்கு நிமிடம், ஒரு பேச்சு கிடையாது.

“ஜனங்க தூங்கிடுவாங்கக்கா. என் குரல்ல நாலு வார்த்தை பேசிடறேன், மேல ஏத்திடு.”

அக்கா மல்லுக்கு நின்று பார்த்தாள். “டைரக்டர் நானா, நீயா?” என்று கேட்டுவிட்டான். அதற்குமேல் என்ன பேசுவது? ஏற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

திரையிடல் அன்று காலை, குரல் ஏற்றியதும் ஏற்றாததுமாகப் பையில் இருந்த இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றை எடுத்துப் படம் ஓட்டுபவரிடம் கொடுத்தாள். ஒன்றில் ‘சத்தியமாக இறுதி’, இன்னொன்றில் ‘இறுதியோ இறுதி’. அவசரத்தில் எது எதுவென்று யாருக்கு நினைவிருக்கும்?

சட்டை மடிக்கும் காட்சி வந்தது. தம்பியின் குரல் வரவில்லை. அக்காவுக்குப் பகீரென்றது.

“என்னக்கா இது?” இருட்டில் அவன் சீறினான்.

“பழசைக் குடுத்துட்டேன்டா. சத்தியமா தெரியாம நடந்துபோச்சு.”

நிறுத்தச் சொல்ல எழுந்தான். அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் அடுத்த நான்கு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தான். அக்கா போகிற இடமெல்லாம் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டாள்.

பரிசளிப்பு அன்று நடுவர் குழுத் தலைவி காகிதத்தைப் பிரித்தார். சிறப்பு விருது, ‘பேசாமல் இருக்கத் துணிந்த நான்கு நிமிடங்களுக்காக’ என்று படித்தார். தம்பியின் படம்!

மேடையேறியவன் மைக்கைப் பிடித்தான். “அந்த மௌனத்துக்காக நான் எத்தனையோ பேர்கிட்ட சண்டை போட்டேன். நான் சொன்னதை அப்படியே செஞ்ச எங்க அக்காவுக்கு நன்றி.”

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். அவமானத்தில் காது எரிந்தது. இத்தனை வருடத்தில் அவன்மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

வெளியே வராந்தாவில், விருதை அணைத்துக்கொண்டு அவளை ஓரமாக இழுத்தான்.

“அக்கா, தெரியாமத்தானே குடுத்தே? யார் கேட்டாலும் தம்பி சொல்லித்தான் அப்படி வெட்டினேன்னு சொல்லிடு, என்ன?”

தெரியாமல் கொடுத்தேன் என்பது, நான்கு நாளாக அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்த உண்மைதான். இப்போது அது அவனுக்கு வசதியாகிவிட்டது.

“இல்லடா,” என்றாள் அக்கா, அவன் கண்ணைப் பார்த்து. “தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. தம்பிக்கு முகம் வெளுத்தது. பிறகு விருதை அவள் கையில் கொடுத்தான்.