ஒற்றைப் பெடல்

வலன்ரைன் கண்விழித்தபோது அக்கா வீட்டு விறாந்தையில் அவருடைய பெட்டி வாய்பிளந்து கிடந்தது.

ரொறன்ரோவில் ஏறி, வழியில் விமானம் மாறி, கொழும்பிலிருந்து வாடகை வானில் குலுங்கி, விடியப்புறம் மன்னார் கீரிக்கு வந்தவர், கழற்றிக் கொண்டுவந்த சைக்கிளைப் பூட்டமுன் கொஞ்சம் சரிவோம் என்று படுத்ததுதான் பிழை. வெளிநாட்டுப் பெட்டி திறபடாமல் ஒரு காலைப்பொழுது கடந்தால் அது குடும்பத்துக்கே மானக்கேடு என்பதை மறந்துபோனார். அக்கா மாக்கிறட் ஒரு வீடு விடாமல் பங்கிட்டு முடித்திருந்தாள்.

“பெடல் ரெண்டும் எங்கயக்கா? சொக்லேற் பைக்குள்ள, புது மேசுக்குள்ள சுத்தி வைச்சனான்.”

அக்காவின் முகம் கறுத்தது. “அதுவோ? காலுக்குப் போடுற மேசுக்குள்ள அவ்வளவு பக்குவமாச் சுத்தியிருந்தால் விலையான சாமான் எண்டுதானே நினைப்பன்! ஒண்டு பக்கத்து வீட்டு அன்ரோனெற்றுக்கு. மற்றது மங்கையற்கரசி ரீச்சருக்கு, இலுப்பைக்கடவை பஸ்ஸில போட்டுவிட்டன்.”

“பஸ் போயிட்டுதோ?”

“இந்நேரம் ரீச்சர் பிரிச்சிருப்பா.”

வலன்ரைன் நிலத்தில் குந்திவிட்டார். மகள் செலீனா லண்டனிலிருந்து வந்து, மத்தியானம் அடம்பன் சந்தியில் சைக்கிளோடு நிற்பாள். அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை இருவருமாகச் சைக்கிள் ஓட்டுவதென்று பேச்சு. முதல்நன்மைப் பூசைக்கு வராத தகப்பன், கலியாணத்துக்குப் பிந்தி வந்த தகப்பன், தாயைப் புதைத்த பிறகு வாடகைக் காரில் வந்திறங்கிய தகப்பன். ஆறு வருடம் பேசாதவள் கடைசியாக ஒரு பேரம் வைத்திருந்தாள்: “சைக்கிளில வாங்கோ. காரிலயோ ஓட்டோவிலயோ வந்து இறங்கினால் நான் உங்களைக் காணேல்லை. பிந்தினால் காத்திருக்க மாட்டன்.”

போன் அடித்துப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கடை பூட்டு. அத்தான் சிங்கராசா தன் பழஞ்சைக்கிளின் பெடலைக் கழற்றச் சுத்தியலால் அடித்தார். கழன்றது சுத்தியலின் பிடி.

அன்ரோனெற் வீட்டில் பெடல் கண்ணாடி அலுமாரிக்குள், அந்தோனியார் சிலைக்குப் பக்கத்தில் மினுங்கியது.

“குடுத்த சாமானைத் திருப்பிக் கேக்கிறியளோ? நல்ல கனடாப் பழக்கம்!”

வலன்ரைன் கைமணிக்கூட்டைக் கழற்றி நீட்டினார்.

“ஐயோ, அவள் ஒரு சவர்க்காரக் கட்டிக்கே இறங்கியிருப்பாள்!” என்று வாசலில் நின்ற சிங்கராசா தலையில் அடித்தார். பெட்டிக்கடைக்காரன் மகனாய்ப் பிறந்து, விலை பேசாமல் வலன்ரைன் வாங்கிய முதற் சாமான் அதுதான்.

ஒற்றைப் பெடல் பூட்டியாயிற்று. மிதித்த கால் மேலே திரும்பவேண்டுமே? சிங்கராசா வலைக்கயிற்றால் காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டினார். “விழுந்தால் சைக்கிளோடதான் விழுவாய்,” என்றார்.

மன்னார்ப் பாலத்தில் சோளகக் காற்று குறுக்கே அறைந்தது. மிதித்து இழுத்து, மிதித்து இழுத்து, தொடை கல்லாகிவிட்டது. சும்மா தொங்கிய மற்றக் கால் ஆருடையதோ போலிருந்தது. பின்னால் வந்த ஓட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து, “ஏறுங்கோ ஐயா, சைக்கிளையும் மேல கட்டலாம்,” என்றான். வலன்ரைன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மிதித்தார். தள்ளாடிச் சந்தியில் ஒருமுறை விழுந்தார். வயல்வெளியில் இன்னொருமுறை. வெயில் உச்சியைத் தாண்டிச் சரியத் தொடங்கியது.

அடம்பன் சந்தியில் செலீனா இல்லை. நிற்பாட்டத் தெரியாமல் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் மோதிச் சரிந்தார். கடைக்காரர் பாலசிங்கம் ஓடிவந்தார்.

“ஒரு பிள்ளை… சைக்கிளில…”

“இப்பதான் யாழ்ப்பாணப் பக்கமா வெளிக்கிட்டவ ஐயா. கனநேரம் இருந்தவ. ரெண்டு பிளேன்ரி சொல்லி ஒண்டைத்தான் குடிச்சவ. மற்றதை எடுக்கப் போனன், இருக்கட்டும் எண்டவ.”

மேசையில் ஒரு கிளாஸ் ஆறிப்போய் நின்றது. மூடியிருந்த சோசரில் ஈ ஊர்ந்தது.

“அதைத் தாங்கோ.”

கிடந்தபடியே ஒரு மூச்சில் குடித்தார். பாதி சேட்டில் சிந்தியது.

“இந்தக் கயிறை வெட்டிவிடட்டோ ஐயா?”

“வேண்டாம் தம்பி. என்னைத் தூக்கி நிமித்தி, பின்னால ஒரு தள்ளுத் தள்ளிவிடுங்கோ.”